குடும்பத்தோடு வரச் சொல்பவர்

கமிலஸ் பாஸ் காரைத் தொடுவதற்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் கேட்பாராம். வென்னப்புவ சந்தியில் அழகு நிலையம் வைத்திருக்கும் ஷெரின் சொன்னாள். ஷெரினுக்கு அவளுடைய அண்ணி சொன்னது. அண்ணிக்கு யார் சொன்னார்களோ தெரியாது.

"முழங்கால் போடச் சொல்றதில்ல, அது ஒண்ணுதான் பாக்கி. ஸ்டூல்ல உக்கார வச்சுக் கேப்பாராம். வெள்ளத்துல எறக்கினியா, கல்லுல அடிச்சியா, யாருக்குக் கார ஓட்டக் குடுத்தே, எல்லாம். ஒரு பொய் சொன்னா போதும். சாவியக் கையில குடுத்து, போயிட்டு வாங்கன்னு அனுப்பிடுவாராம்."

நிலந்தியின் தலையில் சாயம் பூசிக்கொண்டே இவ்வளவும் சொன்ன ஷெரின், கண்ணாடிக்குள் அவள் முகத்தைப் பார்த்து, "உங்கிட்ட மறைக்க என்ன இருக்கு, தைரியமாப் போ" என்றாள்.

நிலந்திக்கு மறைக்க ஒன்றுமில்லை. பயம் மட்டும் இருந்தது. அவளுடைய வெள்ளைக் காருக்கு இருபத்திரண்டு வயது. கணவன் ஜூட் இத்தாலிக்குப் போய் முதல் மூன்று வருடம் உழைத்து வாங்கிய கார். வெளிநாட்டிலிருந்து கார் வருவதை அரசாங்கம் நிறுத்திய பிறகு, இதைக் கொடுத்துவிட்டு இன்னொன்று வாங்குவது என்ற பேச்சே ஊரில் இல்லாமல் போய்விட்டது. ஜூட் அங்கே முதியவர்களைப் பார்த்துக்கொள்கிறான். நிலந்தி இங்கே கல்யாணத்துக்கும், கோயிலில் பிள்ளைகள் முதல் நன்மை வாங்கும் விருந்துக்கும் கேக் செய்கிறாள். அடுக்குக் கேக்கை முச்சக்கரவண்டியில் கொண்டுபோக முடியாது. குளிர்ச்சி இல்லாமலும் கொண்டுபோக முடியாது. ஆனால் ஏசியைப் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் ஓரிடத்தில் நின்றால் வெப்பமுள் சிவப்பை நோக்கி ஏறியது. ஆகஸ்டில் கொச்சிக்கடைச் சந்தியில் ஏசியை நிறுத்த வேண்டிவந்தது. மணமகன் மணமகள் பொம்மைகள் இரண்டும் பட்டர் ஐசிங்குக்குள் இடுப்பு வரை இறங்கிவிட்டன.

"இன்னொரு தடவை முள்ளு சிவப்புக்குப் போச்சுன்னா வித்துடணும்" என்று ஜூட் சொல்லியிருந்தான். அவனுக்கு அவள் நடுவழியில் தனியாக நிற்பதைப் பற்றிய கவலை. அவளும் சரி என்றிருந்தாள். போன வாரம் முள் மறுபடியும் சிவப்புக்குப் போய்விட்டது. குளியாப்பிட்டியவிலிருந்து காரைப் பார்க்க ஒருவர் சனிக்கிழமை மூன்று மணிக்கு, தன் மெக்கானிக்கையும் அழைத்துக்கொண்டு வருவதாக ஏற்பாடு. இது செவ்வாய்க்கிழமை.

புதன் காலை அவள் லுணுவிலவுக்குப் போனாள். கமிலஸ் பாஸின் கராஜுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஓட்டுத் தொழிற்சாலை மதிலை ஒட்டி ஒரு தகரக் கூரை, ஒரு சிமெந்துத் தரை, பின்னால் வீடு. அந்தப் பக்கத்தில் கைத்தொழில் தெரிந்தவர்கள் எல்லாருமே பாஸ்தான், கட்டட பாஸ், தச்சு பாஸ் என்று. இவர் மட்டும் வெறும் பாஸ். ஐம்பதைத் தொடாத, ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் பேனாவுக்குப் பதில் சாக்குக்கட்டி. கழுத்தில் ஒரு முழ நீளத் தோட்டக் குழாய், வைத்தியர் மாட்டியிருப்பதைப்போல. அதன் ஒரு முனையை இன்ஜினில் வைத்து மறுமுனையைக் காதில் வைத்தால் எந்த உருளை முனகுகிறது என்று தெரிந்துவிடுமாம்.

கார் உள்ளே வரும்போது அவர் காரைப் பார்ப்பதில்லை. இறங்குகிறவரைப் பார்க்கிறார். "கதவச் சாத்துற சத்தத்துலயே பாதி தெரிஞ்சிரும். அடிச்சுச் சாத்தினா பிரேக் தேஞ்சிருக்கும். தடவிச் சாத்தினா பேட்டரி எறங்கியிருக்கும், கார எடுக்கறதே இல்ல." நிலந்தி சாத்தியது எந்த வகை என்று அவர் சொல்லவில்லை. ஸ்டூலைக் காட்டினார்.

"சொல்லுங்க தங்கச்சி. இவருக்கு என்ன?"

எந்தக் காரும் அவருக்கு 'இவர்'தான். காருக்குக் கேட்கும் தூரத்தில் காரைக் குறை சொல்லவும் விடமாட்டார்.

"சூடாகுது பாஸ்."

"எப்போ?"

"எப்பவும்."

"எப்பவும் சூடாகுறதுக்கு அடுப்புன்னு பேரு. ஓடுறப்பவா, நிக்கிறப்பவா?"

"நிக்கிறப்ப. ஏசி போட்டிருந்தா சுருக்கா ஏறுது."

"ஓட்டினா எறங்குதா?"

"எறங்குது."

"காட்டியிருப்பீங்களே யார்கிட்டயாவது?"

"மூணு எடத்துல. ஒருத்தர் தெர்மோஸ்டாட் மாத்தினார். ஒருத்தர் ஃபேன் மோட்டார். மூணாமத்தவர் இன்ஜினத் திறக்கணும்னார்."

"திறக்கிறது லேசு தங்கச்சி. என்னத்துக்குத் திறந்தோம்னு சொல்றதுதான் கரைச்சல்." சாக்குக்கட்டியை எடுத்து விரல்களுக்கிடையில் உருட்டினார். "கராஜ்லேருந்து வந்த நாள் எப்படி இருக்கும்?"

அதை யாரும் இதுவரை கேட்டதில்லை. நிலந்தி யோசித்தாள். "அன்னிக்கு நல்லா இருக்கும்."

"மறுநாள்?"

"பழையபடி."

"மூணு கராஜுக்குமா?"

"மூணுக்கும்தான் பாஸ்."

அவர் எழுந்தார். பொனட்டைத் திறக்கவில்லை. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். பிறகு பக்கத்து இருக்கை. பிறகு பின்னால் வலது, பின்னால் இடது. ஒவ்வொன்றிலும் ஒரு செபம் சொல்லி முடிக்கும் நேரம் இருந்துவிட்டுத்தான் மாறினார். பின் இடது இருக்கையில் கொஞ்சம் கூடுதலாக இருந்தார். கால் வைக்கும் இடத்திலிருந்து வெள்ளை மணல் சிறிது எடுத்து உள்ளங்கையில் போட்டுப் பார்த்தார்.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்பதற்கு அவரே சொல்லும் கதை ஒன்று உண்டு. கட்டுனேரியவில் ஒரு கப்பல் இன்ஜினியர். பெரிய படிப்பு. அவருடைய காரில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் 'டொக்' என்று ஒரு சத்தம். திங்கள் முதல் சனி வரை எவ்வளவு குலுக்கினாலும் வராது. பொறுத்துப் பார்த்த பாஸ், ஞாயிறன்று காரில் யார் யார் போவீர்கள் என்று கேட்டார். மனைவியின் அண்ணன் மதியச் சாப்பாட்டுக்கு வருவாராம். "ஒரு செவ்வாக்கிழம அவரக் கூப்பிட்டுப் பின்னாடி எடப்பக்கம் உக்கார வச்சேன். பள்ளத்துல எறக்கினேன். டொக்! மச்சானக் கழட்டி வேற மாட்ட முடியாதே, அடியில இருக்கிற ரப்பர் புஷ்ஷத்தான் மாத்தினேன்." அன்றிலிருந்து சிக்கலான நோய் எதுவானாலும் குடும்பத்தோடு வரச் சொல்லிவிடுவார்.

மற்றபடி பெரும்பாலான நோய்களுக்கு அவரிடம் ஒரு வரிதான். காலையில் கீச்சென்று கத்தினால், "பெல்ட்டுக்குக் கிழடு தட்டிருச்சு." ஒரு பக்கமாக இழுத்தால், "முதல்ல காத்தப் பாருங்க, அப்புறம் மத்தது." சாவி திருப்பியதும் 'டிக்' என்று மட்டும் சொன்னால், பேட்டரி முனையில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியைக் காட்டி, மனைவி மெர்சியிடம் ஒரு கேத்தல் நிறையச் சுடுதண்ணீர் கேட்பார். ஊற்றித் தேய்த்து இறுக்கினால் ஓடிவிடும். மழைக்காலத்து நாற்றத்துக்கு, முன்கண்ணாடியின் அடியில் சேர்ந்திருக்கும் இலைக்குப்பை. அவரிடம் மட்டும் சொந்தமாகக் கார் கிடையாது. சைக்கிள்தான். "கார் இருந்தா அதோட சத்தத்தக் கேட்டுக்கிட்டே இருக்கணும். மெர்சி பேசறது காதுல விழாது."

நிலந்தியின் கார் ஆறும்வரை ஒரு மீன் பணிஸைத் தின்று முடித்துவிட்டு, பிறகு பொனட்டைத் திறந்தார். ரேடியேட்டர் மூடியில் இரண்டு விரலை வைத்தவர், திருகாமல் அப்படியே குனிந்து பார்த்தார். பிறகு திறந்து, உள்ளே விரலை நனைத்து, நாக்கில் தொட்டுத் துப்பினார்.

"உங்க வீட்டுக் கிணத்துத் தண்ணி உப்பா தங்கச்சி?"

"எங்களுக்குக் கிணறே இல்ல பாஸ். குழாய்த் தண்ணிதான்."

"ம்ம். இவரு இன்னிக்கு இங்க இருக்கட்டும்."

இத்தாலியிலிருந்து வீடுவரை வந்து சேரும் சாமான் பெட்டிகளின் அட்டையை அவர் விரித்துச் சேர்த்து வைத்திருந்தார். அதில் இரண்டைக் காரின் அடியில் பரப்பினார். மறுநாள் காலை அட்டை பேசும். கறுப்புச் சொட்டு இன்ஜின் எண்ணெய், சிவப்பு கியர் எண்ணெய், பச்சை ரேடியேட்டர். ஒவ்வொரு சொட்டையும் சாக்குக்கட்டியால் வட்டமிட்டுப் பெயர் எழுதிவிடுவார்.

வியாழன் காலை போன் வந்தது. "அட்டை சுத்தம். ஒரு சொட்டு இல்ல. வெயில்ல நிப்பாட்டி, ஏசியப் போட்டு நாப்பது நிமிஷம் ஓட விட்டேன். முள்ளு பாதிக்குக் கொஞ்சம் மேல வந்து நின்னுருச்சு. சிவப்புப் பக்கமே போகல. வீட்டுல யார் யாரு?"

"நானும் மகளும். அவரோட அக்காவும்."

"சாயந்தரம் மூணு பேரும் வாங்க."

"அவங்க ஓட்டறதில்லையே பாஸ்?"

"வயித்துவலின்னு சமைச்சவ மட்டுமா வருவா? கராஜ்ல இவருக்குச் சுகம், வீட்டுல சுகமில்ல. அப்ப நோய் எங்க இருக்கு?"

அன்றைய பகல் முழுதும் நிலந்தி முட்டைகளை எண்ணி, எண்ணியதை மறந்து, திரும்ப எண்ணினாள். தான் என்ன தவறு செய்கிறோம் என்று காரின் ஒவ்வொரு நாளையும் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தாள். கிளட்ச்சில் காலை வைத்தே ஓட்டுகிறேனோ. ஏசியை அதிகம் திருப்பிவிடுகிறேனோ. பொய் சொல்லாமலே பொய்யாகிவிடும் விஷயம் ஏதாவது இருக்குமோ.

மாலையில் மூவரும் போய், பஸ்ஸிலிருந்து இறங்கி, நின்றிருந்த காருக்குள் அவரவர் இடத்தில் ஏறி உட்கார்ந்தார்கள். பார்க்க வேடிக்கையாகத்தான் இருந்தது. பதினான்கு வயது செனாலி முன்னால். ஜூட்டின் மூத்த சகோதரி பிலோமினா அக்கா பின்னால் இடது பக்கம், துணிப்பையை மடியில் கட்டிப்பிடித்தபடி. அவள் ஒருநாளும் முன்னால் உட்கார்ந்ததில்லை. நிலந்தி காரை எடுத்த நிமிடம் முதல் நிறுத்தும் நிமிடம் வரை பின்னால் செபமாலை உருளும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். தன் ஓட்டும் திறமைக்கு நாத்தனார் கொடுக்கும் மதிப்பெண் அதுதான் என்று நிலந்தி நினைத்திருந்தாள்.

"மகள், சூடாகுறப்ப மணம் ஏதும் வருதா?"

செனாலி மூக்கைச் சுருக்கி யோசித்தாள். "எரிஞ்ச மணம் இல்ல அங்கிள். ஈரத்துணிய இஸ்திரி போட்டா வருமே, அது மாதிரி."

"பாத்தீங்களா!" என்று பாஸ் தொடையில் தட்டிக்கொண்டார். "ஆவி. சொட்டினா அட்டையில விழும். ஆவி எங்க விழும்? இந்தப் பிள்ளைய முதல்லயே கேட்டிருந்தா மூணு கராஜ்காரனுக்கும் வேல இல்லாமப் போயிருக்கும்." பிறகு குரலைத் தாழ்த்தி, பின்பக்கம் குனிந்தார். "அக்கா?"

"எனக்குக் காரப் பத்தி என்ன தெரியும்?" என்றாள் பிலோமினா அக்கா.

"எத்தன மணிக்குப் பூசைக்குப் போவீங்க?"

"அஞ்சரைக்கு."

"கார்லயா?"

"நடந்துதான்."

"இவரு எங்க நிப்பாரு?"

"கேட் பக்கத்துல."

"அப்ப இவரத் தாண்டித்தான் போகணும்."

அக்கா பையை இன்னும் இறுக்கினாள். பாஸ் நிமிர்ந்து, "தங்கச்சி, மகளக் கூட்டிக்கிட்டு உள்ள போய் ஒரு தேத்தண்ணி குடிங்க. மெர்சி பேசறதக் கேக்க ஆள் இல்லாம இருக்கா" என்றார்.

மெர்சியின் சமையலறை ஜன்னல் நேராக அந்தத் தரையைப் பார்த்துத்தான் இருக்கிறது. வெளியே பேசுவது அத்தனையும் தெளிவாக உள்ளே வந்தது. மெர்சி ஜன்னலைக் காட்டி, "சாத்தவா?" என்றாள். ஆனால் சாத்தவில்லை. கோப்பையில் இன்னும் ஒரு கரண்டி சீனியைப் போட்டுச் சத்தமில்லாமல் கலக்கினாள்.

"அக்கா, நான் ஃபாதர் இல்ல. எங்கிட்ட நீங்க ஒண்ணும் சொல்லணும்னு கட்டாயமில்ல. அந்த மூடிக்கு ரெண்டு பூட்டு. கராஜ்ல ரெண்டுலயும் இறுக்கித்தான் அனுப்புவாங்க, மறுநாள் அது முதல் பூட்டுலயே நிக்குது. ஏன்னு மட்டும் தெரிஞ்சா போதும்."

பையின் பொத்தான் கழலும் சத்தம் கேட்டது.

"தலவில தண்ணி" என்றாள் அக்கா. "கடலோரத்து அன்னம்மா கோயில் கிணத்துத் தண்ணி. திருநாளுக்குப் போறப்ப ரெண்டு கேன் கொண்டாருவேன். தினம் ஒரு கோப்ப ஊத்துவேன். இறுக்கினா வெடிக்கும்னு சொல்லியிருக்காங்க. எங்க மாமா ஒருத்தருக்கு மூஞ்சி வெந்துபோச்சு."

"சூட்டுல திறந்தாத்தான் வேகும் அக்கா. இறுக்கினா வெடிக்காது. இறுக்காட்டித்தான் தண்ணி சீக்கிரம் கொதிச்சு ஆவியாப் போகும். நீங்க மறுநாள் ஊத்திடுறீங்க, அதனால குறையிறது யாருக்கும் தெரியல. உப்பு மட்டும் உள்ளயே தங்கிப்போகுது. எவ்வளவு நாளா?"

"அவ லைசன்ஸ் எடுத்த நாள்லேருந்து."

"ஜூட் ஓட்டினப்ப ஊத்தலையா?"

"அவன் முரடன், எப்படியும் தப்பிச்சுக்குவான். இவ கேக்க மடியில வச்சுக்கிட்டிருக்கிற மாதிரி மெதுவா ஓட்டுறா. பின்னாடி வர்ற பஸ்காரன் சும்மா விடுவானா? அதுக்குத்தான். அன்னம்மா தாயே, இவளப் பத்திரமாக் கொண்டாந்து வீட்டுல சேருன்னு சொல்லி ஊத்துவேன். காருக்கு இல்ல. இவளுக்கு." குரல் உடைந்தது. "இப்ப காரே போகப்போகுதே. நான்தானே காரணம்?"

நிலந்தி கோப்பையைக் கீழே வைத்தாள். செனாலி அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மேசை விரிப்பிலிருந்த பூக்களைப் பார்க்கத் தொடங்கினாள்.

"போகாது" என்ற பாஸின் குரல் கேட்டது. "அழாதீங்க. இவரு பாக்கிறாரு."

வெள்ளிக்கிழமை முழுதும் ரேடியேட்டர் கழற்றப்பட்டு, தலைகீழாகக் குழாயின் கீழ் கிடந்தது. முதலில் காப்பி நிறத்தில் தண்ணீர் வந்தது. பிறகு வெள்ளைச் செதில்கள். பிறகு ஒரு மணி நேரம் கழித்து, வெறும் தண்ணீர். மாட்டி முடித்து, பச்சைத் திரவத்தை ஊற்றி, பிஸ்கட் அளவில் ஒரு புது மூடியை எடுத்து அவர் பிலோமினா அக்காவின் கையில் கொடுத்தார். அதற்காகவே அவளையும் வரச் சொல்லியிருந்தார்.

"வைங்க. அமுக்குங்க. இன்னும். இவருக்கு வலிக்காது."

'கடக்' என்று இரண்டாம் பூட்டு விழுந்தது. அக்கா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, ஒன்றும் வெடிக்கவில்லை என்று கண்டு, வெட்கப்பட்டாள்.

மிச்சமிருந்த பச்சைப் போத்தலையும் அவளிடமே கொடுத்தார். "இத ஃபாதர்கிட்ட கொண்டுபோய் ஆசீர்வாதம் வாங்கி வச்சுக்குங்க. குறைஞ்சா இதத்தான் ஊத்தணும். மாசத்துக்கு ஒருதடவ, ஆறினப்புறம் திறந்து பாத்தாப் போதும். மத்த நாள்ல செபம் மட்டும். அது எவ்வளவு ஊத்தினாலும் இவருக்கு உப்புப் பிடிக்காது."

நிலந்தியிடம் திரும்பியபோது முகத்தை வேறுமாதிரி வைத்துக்கொண்டார். "மூடி பழசு தங்கச்சி. உள்ள உப்புப் பூத்திருந்துச்சு. கடல்காத்து."

"ஆமா பாஸ்" என்றாள் நிலந்தி. "எங்க பக்கம் காத்து ஜாஸ்தி."

"இனிக் கரைச்சல் வராதா?" என்று அவள் கேட்டாள். சரியாகிவிட்டது என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. "பாப்பம்" என்பார், அவ்வளவுதான். அதற்குமேல் அவருக்குத் தன் காதின்மேலேயே சந்தேகம். பாரம் ஏற்றி, வெயிலில், உண்மையான தெருவில் ஒரு தடவை கூடவே போய்ப் பார்க்காமல் விடமாட்டார். சனிக்கிழமை நாத்தாண்டியவில் கல்யாணம், மூன்றடுக்குக் கேக், பன்னிரண்டு மணிக்கு மேசையில் இருக்க வேண்டும் என்று கேள்விப்பட்டதும், "நானும் வர்றேன்" என்றார்.

சனிக்கிழமை இஸ்திரி போட்ட சட்டையும் வாரிய தலையுமாக வந்து முன்னிருக்கையில் ஏறினார். தோட்டக் குழாயை மடியில் வைத்துக்கொண்டார். பின்னால் கேக் பெட்டிகள், அவற்றை அணைத்தபடி பிலோமினா அக்கா. செபமாலை வழக்கம்போல் உருள ஆரம்பித்தது. நிலந்திக்கு அது அன்று நன்றாகவே இருந்தது. தென்னந்தோப்புகளைத் தாண்டும்வரை பாஸ் கையை முன்தட்டில் வைத்தபடி, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே வந்தார்.

நாத்தாண்டிய ரயில் கடவையில் கேட் விழுந்தது. முன்னால் ஒரு லொறி, பின்னால் ஒரு பஸ். அசைய இடமில்லை. பதினொரு மணி வெயில். சிலாபம் ரயில் எந்தப் பக்கமிருந்தும் வருகிற அறிகுறி இல்லை. நிலந்தி முள்ளையே பார்த்தாள். ஐந்து நிமிடம். முள் பாதிக்குக் கீழே. எட்டு நிமிடம். கொச்சிக்கடையில் இந்நேரம் ஏறிவிட்டிருந்தது. பதினோரு நிமிடம். ஃபேன் சுழன்றது, நின்றது, திரும்பச் சுழன்றது. முள் அங்கேயே இருந்தது, வரைந்து வைத்ததைப்போல.

"பாஸ், பாருங்க" என்று சொல்ல வாயெடுத்துத் திரும்பினாள். கமிலஸ் பாஸ் தூங்கிப்போயிருந்தார். தலை கண்ணாடியில் சாய்ந்திருந்தது. தோட்டக் குழாய் காலடியில் விழுந்து கிடந்தது.

அப்போது போன் அடித்தது. முன்தட்டில் 'ஜூட்' என்று வெளிச்சம் விட்டு விட்டு எரிந்தது. மூன்று மணிக்கு வருகிறவரைப் பற்றித்தான் கேட்பான். அவர் வர வேண்டாம் என்று சொல்ல அவளிடம் இப்போது பதில் இருந்தது. ஆனால் கை ஸ்டியரிங்கைவிட்டு வரவில்லை, பக்கத்தில் மனிதர் வேறு தூங்கிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து அக்கா, "எடுக்கலையா?" என்றாள் மெல்ல.

"ஓட்டிக்கிட்டிருக்கேன் அக்கா" என்றாள் நிலந்தி, நின்ற காரில் இருந்துகொண்டு. ஏசியை இன்னும் ஒரு படி கூட்டினாள்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. கமிலஸ் பாஸ் தூக்கத்திலேயே தோள்களைக் குறுக்கி, இரண்டு கைகளையும் குளிருக்கு அக்குளில் செருகிக்கொண்டார்.